திரைப்படம், வீடியோ, புகைப்படம்: கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திரைப்படக் கல்லூரிகளின் கையேடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அட்டையில் ஒரு பெரிய கேமரா, உள்ளே படப்பிடிப்புத் தளம், கடைசிப் பக்கத்தில் புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் பெயர்கள். அவை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கேமரா முதலாண்டு மாணவரின் கைக்கு எப்போது வரும், எத்தனை நாள் இருக்கும் என்பதைக் கையேடு சொல்லாது.

எந்தக் கல்லூரியையும் அளக்க இரண்டு கேள்விகளைத்தான் நான் முதலில் வைப்பேன். ஒரு மாணவர் படித்து வெளியேறுவதற்குள் எத்தனை படைப்புகளைத் தொடங்கி முடிக்கிறார்? அவற்றை யார் உட்கார்ந்து பார்த்து, குறை நிறை சொல்லித் திருத்துகிறார்? கட்டடம், கருவி, பெயர், தரவரிசை எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

இதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1919-இல் மாஸ்கோவில் தொடங்கிய அரசுத் திரைப்படப் பள்ளி, இத்துறையின் மிகப் பழைய பள்ளியாகக் கருதப்படுகிறது. உள்நாட்டுப் போரின் நெருக்கடியில் அங்கே படச்சுருளுக்குக் கடும் தட்டுப்பாடு. ஆசிரியர் லெவ் குலெஷோவ், சுருளே இல்லாமல் காட்சிகளைத் திட்டமிட்டு நடித்துப் பார்க்கும்படி மாணவர்களைப் பழக்கினார். ஏற்கெனவே எடுக்கப்பட்ட படத்துண்டுகளை வேறு வரிசையில் ஒட்டி, பொருள் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்தார். புடோவ்கின் போன்ற இயக்குநர்கள் அந்தப் பட்டறையிலிருந்துதான் வந்தார்கள். கருவிகள் தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல. கருவியைச் சுற்றி நடக்கும் உழைப்பும் உரையாடலுமே பள்ளி என்பதுதான் பொருள்.

எதைப் படிக்கப் போகிறீர்கள்?

திரைப்படம், வீடியோ, புகைப்படம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். வேலை என்று வரும்போது மூன்றும் வெவ்வேறு உலகங்கள்.

திரைப்படப் படிப்பு பெரும்பாலும் கதைப்படத்தையும் ஆவணப்படத்தையும் மையமாகக் கொண்டது. இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, கலை இயக்கம், தயாரிப்பு என்று கிளைகள் பிரியும். வீடியோ அல்லது ஊடகத் தயாரிப்பு என்ற பெயரில் வரும் படிப்புகள் தொலைக்காட்சி, செய்தி, விளம்பரம், நிறுவனங்களுக்கான படங்கள், இணையத் தொடர்கள் ஆகியவற்றை நோக்கியவை. அங்கே வேகமும் பல கேமரா ஒளிபரப்பும் முக்கியம். புகைப்படத்துக்குள்ளும் செய்திப் புகைப்படம், விளம்பரம், கலைப் புகைப்படம், அறிவியல் புகைப்படம் என்று பல பாதைகள் உண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் புகைப்பட அறிவியல் என்றே தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது. நுண்ணோக்கி வழியே படமெடுப்பதற்கும் திருமணப் படமெடுப்பதற்கும் ஒரே பாடத்திட்டம் போதாது.

ஆகவே விண்ணப்பங்களைத் தேடும் முன் ஒரு வாரம் உங்களையே கவனியுங்கள். ஒரு படம் பார்த்து முடித்ததும் மனம் எங்கே திரும்பிப் போகிறது? ஜன்னல் வழியாக விழுந்த வெளிச்சத்திடமா, இரண்டு காட்சிகள் சந்தித்த இடத்திடமா, ஒரு பாத்திரம் சொல்லாமல் விட்ட வார்த்தையிடமா? ஒரு பதிலை மட்டும் நம்ப வேண்டாம். பலமுறை ஒரே திசை காட்டினால் அதை மதியுங்கள்.

எந்தத் திசை என்று இன்னும் தெரியவில்லை என்றால், முதலாண்டில் எல்லாத் துறைகளையும் சுழற்சியில் கற்பித்து, அதன் பிறகு கிளை பிரிக்கும் கல்லூரி உங்களுக்கு ஏற்றது. நிச்சயமாகத் தெரியும் என்றால், சேர்க்கையிலேயே துறை பிரித்து எடுக்கும் கல்லூரியில் ஆழம் அதிகம் கிடைக்கும். துறை பிரிந்துவிட்டால் ஆயுள் முழுவதும் அதற்குள்ளேயே இருக்க வேண்டியதில்லை. பாலு மகேந்திரா ஒளிப்பதிவு படித்தவர், இயக்குநராகவும் நின்றார். பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வார்தா புகைப்படக் கலைஞராக இருந்து சினிமாவுக்கு வந்தவர்.

பட்டமா, பட்டயமா?

இதை நீட்ட வேண்டியதில்லை. பின்னாளில் கல்லூரியில் கற்பிக்கவோ, உயர்கல்விக்கு வெளிநாடு போகவோ, அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கவோ எண்ணம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும். அந்த அங்கீகாரத்தைக் கல்லூரியின் வாய்மொழியில் நம்பாமல், அங்கீகரிக்கும் அமைப்பின் பட்டியலிலேயே பாருங்கள். படப்பிடிப்புத் தளத்தில் வேலை தேடும்போது உங்கள் சான்றிதழை யாரும் கேட்கப் போவதில்லை. நீங்கள் செய்த வேலையைக் காட்டச் சொல்வார்கள். நல்ல பட்டயப் படிப்பு, எழுத்துத் தேர்வுகள் நிறைந்த பட்டப் படிப்பைவிடப் பலமடங்கு பயன்தரக்கூடும்.

மாணவர்களின் படங்களைப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் மாணவர் படங்களைத் தேடி எடுங்கள். பரிசு வாங்கியதை மட்டும் பார்க்காதீர்கள். எந்த வகுப்பிலும் ஒரு திறமைசாலி இருப்பார், அவர் எங்கே படித்திருந்தாலும் நல்ல படம் எடுத்திருப்பார். கல்லூரி என்ன கற்றுக்கொடுத்தது என்பது சாதாரண மாணவரின் படத்தில்தான் தெரியும். ஒரு வகுப்பின் இறுதிப் படங்கள் அனைத்தையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அனைத்தையும் தயங்காமல் காட்டும் கல்லூரிக்கு உடனே மதிப்பெண் போடலாம்.

பார்க்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். எல்லாப் படங்களும் ஒரே மாதிரித் தோன்றுகின்றனவா? ஒரே நீல நிறம், ஒரே சோக இசை, ஒரே மெதுவான கேமரா நகர்வு என்றால் அங்கே ஒரு ஆசிரியரின் ரசனை எல்லோர் மேலும் படிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு மனிதரின் பார்வையாக இருந்தால் அங்கே மாணவருக்கு இடம் இருக்கிறது. நடிப்பைப் பாருங்கள். கேமரா நன்றாக இருந்து நடிப்பு மரமாக இருந்தால், இயக்கம் கற்பிப்பவர்கள் நடிகரோடு வேலை செய்வதைச் சொல்லித் தரவில்லை.

பிறகு படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியல். அதைக் கடைசி வரி வரை படியுங்கள். ஒளிப்பதிவும் ஒலிக்கலவையும் வண்ணச் சீரமைப்பும் மாணவர்கள் செய்தவையா, காசு கொடுத்து வெளியாட்களிடம் செய்யப்பட்டவையா? வெளியாட்கள் நிறைந்த பட்டியல் என்றால், அந்தப் படத்தின் மெருகு கல்லூரியிலிருந்து வந்ததல்ல. மாணவரின் குடும்பப் பணத்திலிருந்து வந்தது. ஒரே மாணவரின் பெயர் ஒரு படத்தில் இயக்குநராகவும், இன்னொன்றில் உதவி ஒளிப்பதிவாளராகவும், மூன்றாவதில் பூம் மைக் (நீண்ட கோலில் கட்டிய மைக்) பிடிப்பவராகவும் வந்தால் மகிழுங்கள். அங்கே மாணவர்கள் ஒருவருக்கொருவர் உழைக்கிறார்கள். நாளை உங்களோடு தொழிலில் நடக்கப் போகிறவர்கள் இந்த வகுப்புத் தோழர்கள்தான்.

புகைப்படக் கல்லூரி என்றால் ஆண்டிறுதிக் கண்காட்சிக்கு நேரில் போங்கள். திரையில் அழகாகத் தெரியும் படம் தாளில் அச்சாகும்போது நிழல்கள் அடைத்துப்போய் நிற்கலாம். அச்சுத் தரத்தைக் கண்ணருகே பாருங்கள். தனித்தனி அழகான படங்கள் மட்டும் தொங்குகின்றனவா, ஒரு பொருளை மாதக்கணக்கில் தொடர்ந்த படத்தொடர்கள் இருக்கின்றனவா? தொடர்கள் இருந்தால் அங்கே யாரோ மாணவர்களோடு உட்கார்ந்து, எதை வைப்பது எதை விடுவது என்று பேசியிருக்கிறார்கள்.

திரைப்பட விழாக்களின் மாணவர் பிரிவுகளும் உதவும். பிரான்சின் கான் திரைப்பட விழா 1998-இல் திரைப்படப் பள்ளி மாணவர்களுக்கெனத் தனித் தேர்வு ஒன்றைத் தொடங்கியது; இப்போது அதன் பெயர் லா சினெஃப். ஆஸ்கர் வழங்கும் அகாடமியும் மாணவர்களுக்குத் தனி விருது தருகிறது. இவற்றின் ஆண்டுப் பட்டியல்களில் படத்தின் பக்கத்திலேயே பள்ளியின் பெயரும் இருக்கும். திரும்பத் திரும்ப வரும் பள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டியலில் இல்லாததாலேயே ஒரு கல்லூரியை ஒதுக்கிவிடாதீர்கள். விழாக்களுக்கு அனுப்பக் கட்டணமும் நேரமும் வேண்டும், எல்லாக் கல்லூரிகளும் அதைச் செய்வதில்லை.

கண்ணை மூடிக் கேளுங்கள்

மாணவர் படங்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வசனம் தெளிவாக இருக்கிறதா? ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பின்னணி ஓசை வெட்டுண்டு குதிக்கிறதா? ஒரு அறை அறையாகவும் தெரு தெருவாகவும் காதில் விழுகின்றனவா?

ஒலியைக் கவனிக்கும் கல்லூரி பெரும்பாலும் மற்றவற்றையும் கவனிக்கும். ஒலி யார் கண்ணுக்கும் தெரியாதது, கையேட்டின் அட்டையில் போட முடியாதது. அதற்குச் செலவு செய்திருக்கிறார்கள் என்றால் விளம்பரத்துக்காகச் செய்யவில்லை. எதிரொலி இல்லாத ஒரு ஒலிக்கலவை அறை, நல்ல பூம் மைக்குகள், தனி ஒலிப்பதிவுக் கருவி, ஒலிக்கென்றே முழுநேர ஆசிரியர் ஒருவர்: இவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். “ஒலியைப் படத்தொகுப்பு ஆசிரியரே சேர்த்துப் பார்த்துக்கொள்வார்” என்று பதில் வந்தால் நான் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே இறக்குவேன்.

கருவிகளைக் கணக்குப் போடுங்கள்

எந்தக் கேமரா என்று கேட்பதைவிட எத்தனை பேருக்கு எத்தனை கேமரா என்று கேளுங்கள். ஒரு வகுப்பில் 40 மாணவர்கள், 4 கேமராக்கள், 15 வாரப் பருவம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 கேமரா வாரங்கள். நான்கு பேர் கொண்ட 10 குழுக்களாகப் பிரித்தால், ஒரு குழுவுக்கு 6 வாரம். குழுவில் ஒவ்வொருவரும் முறை வைத்து ஒளிப்பதிவு செய்தால், ஆளுக்கு ஒன்றரை வாரம். இறுதியாண்டு மாணவர்களுக்கே முன்னுரிமை என்ற விதியும் இருந்தால் அதுவும் குறையும். இதே கணக்கை லைட்டுகளுக்கும், எடிட்டிங் அறைகளுக்கும், புகைப்பட ஸ்டுடியோவுக்கும் போட்டுப் பாருங்கள்.

கருவி அறைப் பொறுப்பாளரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். முன்பதிவு எப்படி, வார இறுதியில் எடுத்துப் போகலாமா, இரவில் எடிட்டிங் அறை திறந்திருக்குமா, லென்ஸ் உடைந்தால் காப்பீடு உண்டா அல்லது மாணவர் தலையிலா? முதல்வரிடம் கிடைக்காத நேரடியான பதில்கள் அவரிடம் கிடைக்கும்.

மாணவர் எடுத்த காட்சிகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதும் முக்கியம். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது துறையில் பழகிப்போன விதி. அதைக் கல்லூரி கற்றுத்தருகிறதா, ஹார்டு டிஸ்க் யார் வாங்க வேண்டும்? படத்தொகுப்பு அறையின் மானிட்டர்கள் நிறம் பிசகாமல் அளவுதிருத்தம் செய்யப்படுகின்றனவா? எந்த மென்பொருள் என்பது பெரிய பிரச்சினையில்லை. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள் இலவசப் பதிப்பிலேயே நிறையத் தருகிறது. ஒன்றைச் சரியாகக் கற்றவருக்கு அடுத்தது சில வாரங்களில் கைவந்துவிடும்.

சில கல்லூரிகள் இன்னும் படச்சுருளில் ஒரு பயிற்சி வைத்திருக்கின்றன, புகைப்படத்தில் இருட்டறையும். 16 மி.மீ. சுருள் 400 அடி இருந்தால், நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் சுமார் 11 நிமிடம்தான் ஓடும். அதற்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம், ஒத்திகையையும் முடிவெடுக்கும் பழக்கத்தையும் வளர்க்கிறது. எனக்கு அந்தப் பயிற்சியில் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அதற்காக மட்டும் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஆசிரியர்கள்: கால அட்டவணையைக் கேளுங்கள்

கையேட்டில் இருக்கும் பிரபல இயக்குநர் ஆண்டுக்கு ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போகிறவராக இருக்கலாம். அதனால் தவறில்லை, அந்த ஒரு நாளும் பயன்தான். ஆனால் சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் வகுப்பில் நிற்பவர் யார்? நடப்புப் பருவத்தின் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். முழுநேர ஆசிரியர் எத்தனை பேர், அவர்கள் கடைசியாக எப்போது படப்பிடிப்பில் இருந்தார்கள், ஒரு மாணவரின் ரஃப் கட்டை, அதாவது முழுமையாகாத முதல் தொகுப்பை, எத்தனை முறை பார்த்துக் கருத்துச் சொல்வார்கள் என்று விசாரியுங்கள்.

முடிந்தால் விமர்சன வகுப்பு ஒன்றில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். ஆசிரியர் மட்டும் பேசுகிறாரா, மாணவர்களும் பேசுகிறார்களா? “பிடிக்கவில்லை” என்பதோடு நிற்கிறார்களா, “மூன்றாவது ஷாட்டில் அவள் பார்க்கும் திசை மாறியதால் நான் குழம்பினேன்” என்கிற அளவுக்குப் போகிறார்களா? அவமானப்படுத்துவதைக் கண்டிப்பு என்று நினைக்கும் வகுப்பறையில் துணிச்சலான படம் பிறக்காது. அப்படி ஒன்றைப் பார்த்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

நேரில் போகும் நாள்

கல்லூரியே ஏற்பாடு செய்யும் பார்வையாளர் நாளுக்குப் போங்கள், ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். வேறொரு நாள் மாலையில் போய் எடிட்டிங் அறைக்கு வெளியே இருக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். “கல்லூரி எப்படி?” என்று கேட்டால் “நன்றாக இருக்கிறது” என்ற பதில்தான் கிடைக்கும். குறிப்பாகக் கேளுங்கள். கடைசியாக முடித்த படம் எது? கேமரா எத்தனை நாள் கையில் இருந்தது? கைக்காசு எவ்வளவு போனது? இரவுப் படப்பிடிப்புக்குப் பின் வீடு திரும்புவதற்கு என்ன ஏற்பாடு? யாராவது தகாத முறையில் நடந்துகொண்டால் புகார் யாரிடம், முன்பு கொடுத்தபோது என்ன நடந்தது? உயரத்தில் லைட் கட்டவும் மின்சுமை கணக்கிடவும் யார் சொல்லித் தருகிறார்கள்? களைப்போடு கனமான விளக்குகளுக்கு நடுவே வேலை செய்யும் துறை இது. பாதுகாப்புப் பயிற்சி இல்லாத கல்லூரி மாணவர்களின் உயிரோடு விளையாடுகிறது.

பணமும் உரிமையும்

கல்விக் கட்டணம் ஒரு பகுதிதான். இறுதிப் படத்தின் தயாரிப்புச் செலவு, ஹார்டு டிஸ்க், அச்சுத் தாள், பயணம், நடிகர்களுக்கான உணவு, விழாக் கட்டணம் எல்லாவற்றையும் பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டுத் தனியே கூட்டுங்கள். கல்லூரி ஒவ்வொரு மாணவருக்கும் தயாரிப்புத் தொகை தருகிறதா, தேர்வானவர்களுக்கு மட்டுமா? சில இடங்களில் இறுதியாண்டில் எல்லோருக்கும் படம் இயக்க வாய்ப்பில்லை. கதைகளைப் போட்டியிட வைத்துச் சிலரை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். அது சேரும் முன்னரே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இன்னொன்று, நீங்கள் எடுத்த படம் யாருக்குச் சொந்தம்? கல்லூரிக்கே பதிப்புரிமை என்ற விதியும் உண்டு, மாணவருக்கே என்ற விதியும் உண்டு. படத்தை விற்கவோ இணையத்தில் வெளியிடவோ யாருடைய அனுமதி வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு விழுக்காடு காட்டினால், எது வேலை என்று கணக்கிடப்பட்டது என்று கேளுங்கள். ஒரு வார ஒப்பந்தமும் அதில் சேர்ந்திருக்கலாம்.

விண்ணப்பிக்கும்போது

பெரும்பாலான கல்லூரிகள் படைப்புத் தொகுப்பு, ஒரு கட்டுரை, நேர்காணல் ஆகியவற்றைக் கேட்கும். சில இடங்களில் எழுத்துத் தேர்வும் உண்டு. பாரீஸின் லா ஃபெமிஸ் திரைப்படப் பள்ளி, கொடுக்கப்பட்ட தலைப்புகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு விண்ணப்பதாரரே கள ஆய்வு செய்து ஒரு கோப்பைத் தயாரிக்கச் சொல்கிறது. படமெடுக்கத் தெரியுமா என்பதைவிட, உலகத்தைக் கூர்ந்து பார்க்கிறீர்களா என்பதே அங்கே சோதனை. எல்லாத் தேர்வாளர்களும் அடிப்படையில் இதைத்தான் தேடுகிறார்கள்.

தொகுப்பில் இருபது சுமாரான படங்களைவிட ஆறு நல்ல படங்கள் மேல். குறும்படம் அனுப்பினால் கேட்ட நேரத்தை மீற வேண்டாம்; முதல் நிமிடத்திலேயே உங்கள் குரல் கேட்கட்டும். குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்பதை உள்ளபடி எழுதுங்கள். நேர்காணலில் இரண்டே கேள்விகளில் அது வெளிப்பட்டுவிடும். கட்டுரையில் “சிறு வயதிலிருந்தே சினிமா மேல் ஆர்வம்” என்று தொடங்காதீர்கள், மேசையில் இருக்கும் பாதிக் கட்டுரைகள் அப்படித்தான் தொடங்கியிருக்கும். உங்களை உறுத்தும் ஒரு மனிதரையோ ஒரு இடத்தையோ ஒரு கேள்வியையோ பற்றி எழுதுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் விண்ணப்பியுங்கள். போலந்தின் ஊச் திரைப்படப் பள்ளி, பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநரான கீஷ்லோவ்ஸ்கியை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மூன்றாவது முறைதான் சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டில் ஒரு படப்பிடிப்பில் உதவியாளராகச் சேருங்கள், அல்லது ஒரே தெருவை ஆண்டு முழுவதும் படமெடுங்கள். அடுத்த தொகுப்பு அதிலிருந்தே பிறக்கும்.

இடம் கிடைத்துவிட்டால், உடனே கேமரா வாங்க ஓடாதீர்கள். முதல் பருவத்தில் கல்லூரிக் கருவிகளை மாற்றி மாற்றிக் கையாண்டு, உங்கள் வேலைக்கு எது வேண்டும் என்று தெரிந்த பிறகு வாங்கலாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இறுதிப் படத்துக்கென்று இப்போதே தனியாக எடுத்து வையுங்கள்.